கமராவும் கையுமாக: மின்னலுக்குக் காத்திருத்தல்

டோர்செட் பார்க்கில், கெனடி வீதியும் எல்ஸ்மியர் வீதியும் சந்திக்கும் இடத்துக்கு அண்மையிலுள்ள தொடர்மாடி ஒன்றின் எலிவேற்றரில் வைத்து ஒரு பொடியன் எம்மை மறித்துக்கொண்டான். பன்னிரண்டு வயது இருக்கும். குடும்பம் கனடாவுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. "மாமா, நீங்கள்தானே கமராவைப் பற்றி எழுதுறவர்? மின்னலை எப்பிடிப் படம் எடுக்கிறது?" என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடத்துக்கு ஒரு படம் தேவையாம். தாயாரின் கைத்தொலைபேசியில் எழுபது, எண்பது படம் எடுத்துப் பார்த்திருக்கிறான். அத்தனையும் வெறும் இருட்டு.

தாயார் பக்கத்திலே நின்றார். "அண்ணை, அவனுக்கு உதொண்டும் சொல்லிக் குடுக்காதையுங்கோ. இடி முழங்கினால் நான் ஒருத்தரையும் யன்னல் பக்கம் போக விடமாட்டன்" என்றார். அதற்குள் அவர்களுடைய மாடி வந்துவிட்டது. கதவு மூடிக்கொண்டது.

பிள்ளைக்கும் பதில் சொல்ல வேண்டும், தாய்க்கும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே இம்முறை எமது பக்கத்தை மின்னலுக்கே ஒதுக்குகிறோம். பருவமும் அதுதான். ஊரில் சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்நேரமானால் இடி முழங்கும். இங்கே மே தொடக்கம் செப்ரெம்பர் வரை, வெக்கை கூடிய நாட்களில், மாலைக்கும் இரவுக்கும் இடைப்பட்ட நேரத்தில் கருமேகம் பெரும்பாலும் மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ ஏறி வரும்.

முதலில் அந்த எண்பது இருட்டுப் படங்களைப் பார்ப்போம். பொடியன் செய்த பிழையைத்தான் நாமும் செய்தோம், எல்லோரும் செய்கிறார்கள். மின்னலைக் கண்டவுடன் பொத்தானை அழுத்துகிறோம். கண் கண்டு, மூளை சொல்லி, விரல் அசைவதற்கு ஒரு செக்கனில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். அதற்குப் பிறகு கமராவும் தன் பங்குக்குச் சுணங்கும். ஆனால் மின்னலின் பிரகாசமான அடி ஒவ்வொன்றும் செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் நிற்கிறது. ஒரே பாதையில் மூன்று நான்கு அடிகள் அடுத்தடுத்து ஓடுவதால்தான் மின்னல் துடிப்பது போல் எமக்குத் தெரிகிறது. அந்தத் துடிப்பு முழுவதும் சேர்ந்தாலும் பெரும்பாலும் அரைச் செக்கனுக்குள் முடிந்துவிடும். சில வேளை கடைசி அடி எமது படத்தில் அகப்படும். அது அதிர்ஷ்டமே தவிர வேறில்லை.

அப்படியானால் என்ன வழி? ஊரில் மழை வரப்போகிறது என்றால் தாழ்வாரத்துக்குக் கீழே வாளியை முதலே வைத்துவிடுவோம் அல்லவா? மழை விழுந்த பிறகு வாளி தேடி ஓடுவதில்லை. கமராவும் அப்படித்தான். சட்டரை முதலே திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். இருட்டில் பத்துச் செக்கனோ இருபது செக்கனோ கமராவின் கண் திறந்தபடி கிடக்கும். அதற்குள் மின்னல் வந்தால் அது தானாகவே தன்னைப் பதிந்துவிட்டுப் போகும். வராவிட்டால் அந்தப் படத்தை விட்டுவிட்டு உடனே அடுத்ததைத் திறப்பது. இந்த வித்தையின் முக்கால் பங்கு இவ்வளவுதான்.

மிகுதிக் கால் பங்கை விளங்கிக்கொள்ள ஒரு விசயத்தை மனதில் பதிக்க வேண்டும். சட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது மின்னலின் பிரகாசத்தை மாற்றாது. மின்னல் வந்து போகும் நேரம் அதன் கையில், எமது கையில் இல்லை. நேரத்தைக் கூட்டினால் பின்னால் இருக்கும் வானமும் தெரு விளக்குகளும்தான் வெளிக்கும். மின்னலின் கோடு மெல்லிசாகவோ வெளிறியோ வருவதைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று லென்சின் துவாரம், மற்றது ஐ.எஸ்.ஓ. என்ற உணர்திறன் எண். இதைப் புரியாமல் பலர் "மின்னல் வெள்ளையாகப் போய்விட்டது" என்று நேரத்தைக் குறைத்துக் குறைத்து மினக்கெடுகிறார்கள்.

கையில் எண்கள் இருந்தால் வேலை சுலபம். கமராவை முழுக்க மனுவல் முறைக்கு மாற்றுங்கள். ஐ.எஸ்.ஓ. 100. துவாரம் எஃப் 8. நேரம் 10 செக்கன். ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ரொறன்ரோ வானம் இரவிலும் இருட்டாக இருப்பதில்லை, நகர வெளிச்சத்தில் மேகம் செம்மஞ்சளாகக் கிடக்கும். படம் கூட வெளிச்சமாக இருந்தால் நேரத்தைக் குறையுங்கள், இருட்டாக இருந்தால் 20 வரை கூட்டுங்கள். மின்னல் நல்ல தூரத்தில் என்றால் துவாரத்தை எஃப் 5.6 ஆகப் பெருப்பிக்கலாம். கிட்ட வந்தால் எஃப் 11, எஃப் 16 என்று சுருக்க வேண்டும். (கிட்ட வந்தால் செய்ய வேண்டிய வேறு காரியம் ஒன்றும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறோம்.)

ஓட்டோ போகஸ் இருட்டில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்திவிட்டு, தூரத்திலே தெரியும் ஒரு கட்டிட விளக்கைப் பார்த்துக் கையாலேயே கூர்மையாக்கி அப்படியே விட்டுவிடுங்கள். கமராவின் பிளாஷையும் நிறுத்துங்கள். சிரிக்க வேண்டாம். பத்துக் கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள மின்னலுக்கு பிளாஷ் அடித்தவர்கள் எமது குடும்பத்திலேயே இருக்கிறார்கள். நீண்ட நேரப் படங்களுக்குக் கமரா தானாகச் செய்யும் "சத்தம் நீக்கல்" என்ற வேலையையும் நிறுத்தி வைப்பது நல்லது. அது ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் அதே அளவு நேரம் கமராவைப் பூட்டி வைக்கும். பெரிய மின்னல் சரியாக அந்த நேரத்தில்தான் வரும்.

முக்காலி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் காசு செலவழிக்கத் தேவையில்லை. ஒரு சின்னத் துணிப் பைக்குள் இரண்டு கிலோ அரிசியைப் போட்டுக் கட்டி, யன்னல் ஓரம் மேசையில் வைத்து, அதன் மேல் கமராவை அழுத்தி இருத்துங்கள். முக்காலியைவிட அசையாது. பொத்தானை அழுத்தும்போது கை ஆட்டாமல் இருக்க 2 செக்கன் ரைமரைப் போடலாம். தொடர்ந்து எடுக்கும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். அதன் பிறகு கமராவுக்கு உங்களுடைய தேவையே இல்லை.

கைத்தொலைபேசிதான் இருக்கிறது என்பவர்களுக்கு இரண்டு வழி. சில தொலைபேசிகளில் கமராவுக்குள்ளேயே மேற்சொன்ன எண்களை மாற்றும் பகுதி இருக்கும். அது இருந்தால் எல்லாம் ஒன்றுதான். இல்லாவிட்டால் வீடியோ எடுங்கள். அரிசிப் பையில் சாய்த்து வைத்து, திரையில் தூரத்து விளக்கொன்றை விரலால் அழுத்திப் பிடித்துப் போகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிவிட்டு ஓட விடுங்கள். பிறகு ஆறுதலாக இருந்து ஒவ்வொரு சட்டமாக நகர்த்தி, மின்னல் விழுந்த சட்டத்தைப் பிரித்து எடுக்கலாம். சில சட்டங்களில் மேல் பாதி வெளிச்சமாகவும் கீழ்ப் பாதி இருட்டாகவும் இருக்கும். தொலைபேசி படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிப்பதால் வரும் வினை அது, பழுது அல்ல. பள்ளிக்கூட அட்டையில் ஒட்டுவதற்கு வீடியோச் சட்டம் தாராளமாகப் போதும்.

இனி, எந்தப் பக்கம் பார்ப்பது? டோர்செட் பார்க்கின் மாடிகளில் தென்மேற்கு யன்னல் உள்ளவர்கள் கொடுத்து வைத்தவர்கள். இங்கிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர் தூரத்தில் சி.என். கோபுரம் நிற்கிறது. 1976இல் திறக்கப்பட்டது, 553 மீற்றர் உயரம். மின்னல் ஒரே இடத்தில் இரண்டு முறை விழாது என்று இங்கு ஒரு பேச்சு உண்டு. அந்தக் கோபுரத்தில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 75 தடவை விழுகிறது. 2011 ஓகஸ்ற் 24ஆம் திகதி இரவு வந்த ஒரே புயலில், ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் 52 தடவை விழுந்ததை ஆராய்ச்சியாளர்களின் ஒளிப்பதிவுக் கமராக்கள் பதிந்திருக்கின்றன. கோபுரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. உச்சியிலிருந்து கீழே வரை ஓடும் செப்புப் பட்டிகள் மின்னலை நிலத்துக்குள் கொண்டுபோய் இறக்கிவிடுகின்றன. "விழுகிறது" என்று எழுதினோம், ஆனால் இத்தகைய உயர்ந்த கோபுரங்களில் பெரும்பாலும் மின்னல் உச்சியிலிருந்து மேகத்தை நோக்கி மேலே புறப்படுகிறது. படத்தில் கிளைகள் மேல்நோக்கி விரிந்திருந்தால் அப்படியான ஒன்றைப் பிடித்திருக்கிறீர்கள் என்று அறிந்துகொள்ளலாம்.

கிளை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எமது பிள்ளைகளின் கார்ட்டூன்களிலும் மின்கம்ப எச்சரிக்கைப் பலகைகளிலும் மின்னலை வாள் வெட்டுப் போலக் கோணல் மாணலாக வரைந்திருப்பார்கள். முற்காலத்து ஓவியர்களும் அப்படித்தான் வரைந்தார்கள். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வில்லியம் ஜெனிங்ஸ் என்ற படப்பிடிப்பாளர் 1882 செப்ரெம்பர் 2ஆம் திகதி எடுத்த படமும், தொடர்ந்து எடுத்தவையும்தான் மின்னலுக்கு அப்படி முழங்கால் மடிப்புக் கிடையாது, அது ஆறு கிளை பிரிவது போலப் பிரிகிறது என்பதைப் பலருக்கும் காட்டின. பின்னர் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்ள்ஸ் பொய்ஸ் என்பவர் சுழலும் லென்ஸ் வைத்த ஒரு கமராவை அமைத்தார். 1930களில் ஷொன்லாண்ட் என்ற விஞ்ஞானியும் தோழர்களும் தென்னாபிரிக்காவில் அதைக்கொண்டு படம் பிடித்து, பெரிய வெளிச்சம் வருவதற்கு முன்பே மங்கலான ஒரு கோடு மேகத்திலிருந்து படி படியாக இறங்கி வழி தேடுகிறது என்று கண்டார்கள். பொடியனின் விஞ்ஞானப் பாடத்துக்கு இது உதவும்.

இப்போது தாயாரின் பக்கம்.

அவர் பயந்ததில் பாதி நியாயம் இருக்கிறது. படச்சுருள் காலத்தில், இந்த நாட்டுக்கு வந்த புதிதில், நாம் பல்கணியில் ஒரு கையில் குடையும் மறு கையில் கமராவுமாக நின்று மின்னல் பிடித்தோம். 36 படத்தில் இரண்டு தேறியது. அந்த இரண்டையும் பெருமையோடு பலருக்கும் காட்டினோம். இன்று நினைத்தால் உடம்பு கூசுகிறது. இரும்புக் கம்பி போட்ட பல்கணி, உலோகக் காம்புள்ள குடை, மழையில் நனைந்த நாம். இதைவிட ஒரு மனிதன் மின்னலுக்குச் செய்யக்கூடிய அழைப்பு வேறில்லை.

கனடாவின் வானிலைத் திணைக்களம் சொல்லும் விதி சுருக்கமானது. இடி காதில் கேட்டால் நீங்கள் மின்னலின் எல்லைக்குள் நிற்கிறீர்கள், உள்ளே போங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே வராதீர்கள். "உள்ளே" என்றால் வீடு, கட்டிடம், அல்லது யன்னல்கள் மூடிய கார். பஸ் தரிப்பிடக் கூரையும் பூங்காவின் மரமும் "உள்ளே" ஆகாது. பனைக்குக் கீழே நின்றவரின் கதையை ஊரில் கேள்விப்படாதவர்கள் எம்மில் யார்? லோரன்ஸ் வீதிக்குத் தெற்காக உயர்மின் கம்பிக் கோபுரங்கள் வரிசையாகப் போகும் அந்தப் புல்வெளி படத்துக்கு அழகாகத்தான் இருக்கும். இடி நேரத்தில் அங்கே காலடி வைக்க வேண்டாம். வீட்டுக்குள்ளும் யன்னலைப் பூட்டி வையுங்கள். கமரா யன்னலடியில் இருக்கட்டும், நீங்கள் தள்ளிப் போய் இருங்கள். தொலைபேசியைச் சுவரில் செருகிச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு எடுக்க வேண்டாம். குளிப்பு, பாத்திரம் கழுவுதல் எல்லாவற்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தாயாரின் மற்றப் பாதிப் பயம் வேறு. அதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டோம். பெயர் போடாமல் எழுதுங்கோ என்றார்.

எலிவேற்றரில் சந்தித்து இரண்டு கிழமைக்குப் பிறகு, ஒரு வெள்ளி மாலை, ராடார் படத்தில் மழை மேற்கே தெரிந்தது. மனைவியும் நாமும் கமராவையும் அரிசிப் பையையும் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனோம். கணவர் இரவு வேலைக்குப் போயிருந்தார். யன்னல் கண்ணாடியில் அறை விளக்குத் தெறித்தால் படம் பாழாகும், ஆகவே விளக்கை அணைக்க வேண்டும் என்றோம். தாயாரின் முகம் மாறியது. இருட்டும் வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து வந்தால் தன்னால் இருக்க இயலாது என்றார். 2009இல் வன்னியில் பங்கருக்குள் இருந்தவர். இங்கே முதல் இடி கேட்டபோது இரண்டு பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தியிருந்தாராம்.

விளக்கை அணைக்கவில்லை. பொடியனின் பனிக்கால ஜக்கெற்றை எடுத்து, அதன் கை ஒன்றுக்குள்ளால் லென்சை நுழைத்து, கண்ணாடியோடு ஒட்டி வைத்து, மிகுதியைக் கமராவின் மேலே மூடிவிட்டோம். லென்ஸ் கண்ணாடியை முட்டிக்கொண்டிருந்தால் தெறிப்பு வராது, கண்ணாடியில் உள்ள அழுக்கும் தெரியாது. விளக்கு எரிந்தபடியே இருந்தது. இந்த முறை முன்பு எமக்குத் தெரியாது. அன்று அவருக்காகத்தான் கண்டுபிடித்தோம்.

முதல் மின்னல் தென்மேற்கே வெளித்தது. "எண்ணுங்கோ" என்று பிள்ளைகளிடம் சொன்னோம். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். அறுபது வரை எண்ணினார்கள். ஒரு சத்தமும் இல்லை. பதினைந்து, இருபது கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து இடிச் சத்தம் பெரும்பாலும் வந்து சேர்வதில்லை. இரண்டாவது, மூன்றாவது. சத்தம் இல்லை. தாயார் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒன்று வெளித்து, முப்பத்தைந்தில் மெல்ல உறுமியது. உடனே பிள்ளைகளை அறையின் நடுவுக்கு, கதிரைகளுக்குக் கூட்டி வந்தோம். கமரா தன்பாட்டில் எடுத்துக்கொண்டிருந்தது. அடுத்தது இருபத்திரண்டு. தாயார் திடீரென்று கேட்டார்: "அப்ப, அண்ணை, உது முடிஞ்ச பிறகுதான் சத்தம் வருதோ?"

"ஓம் தங்கச்சி. சத்தம் கேட்கும்போது அந்த மின்னல் எப்பவோ முடிஞ்சுபோச்சு."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அங்கை மாறி. அங்கை முதல் சத்தம். பிறகுதான் எண்ணுவம், எங்கை வந்து விழப்போகுதெண்டு."

எமக்கு மறுமொழி வரவில்லை. மனைவி எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் நின்றா. அடுத்த மின்னலுக்கு எண்ணியவர் தாயார்தான், வாய்க்குள். பதினொன்றில் யன்னல் அதிர்ந்தது. திடுக்கிட்டார், ஆனால் குளியலறைக்குப் போகவில்லை. ஒரு இரவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதற்கடுத்த இடிக்குச் சின்ன மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியபடியேதான் இருந்தார். இப்படிப்பட்ட பயம் உள்ளவர்கள் குடும்ப வைத்தியரிடம் வாய் திறந்து சொல்வதில் ஒரு வெட்கமும் இல்லை. கமராவை அதற்கு மருந்தாக நாம் எழுதவும் இல்லை.

மழை கிழக்கே போனது. எடுத்தவை 140 படத்துக்கு மேல். மின்னல் இருந்தவை ஆறு. அவற்றில் இரண்டு முன் கட்டிடத்துக்குப் பின்னால் ஒளித்துவிட்டன, ஒன்று வெறும் மேக வெளிச்சம். கோபுரத்தில் விழுந்தது ஒன்றும் அகப்படவில்லை. அது இன்னொரு நாளைக்கு. பொடியன் நாம் விரும்பிய பெரிய படத்தை விட்டுவிட்டு, ஓரத்தில் மெல்லிசாக நூல் போல ஓடிய ஒன்றைத் தெரிவு செய்தான். அதில்தான் கிளைகள் வடிவாகத் தெரிகின்றனவாம். அவன் சொன்னது சரி. பெரியது நடுவில் வெளிறிப் போயிருந்தது. பதினொன்று எண்ணிய நேரத்தில் எஃப் 8ஐ எஃப் 11 ஆக்கியிருக்க வேண்டும். யன்னலடிக்குப் போக வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

நாம் புறப்பட எழும்பியபோது தாயார் மணிக்கூட்டைப் பார்த்தார். "இன்னும் எட்டு நிமிசம் இருக்கு அண்ணை, இருங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்றார். எட்டு நிமிடம் கழித்து அவரே யன்னலடிக்குப் போய், ஜக்கெற்றை எடுத்து மடித்து வைத்துவிட்டு, நுளம்பு வலையை மட்டும் விட்டுக் கண்ணாடியைத் தள்ளித் திறந்தார். மழை மணம் உள்ளே வந்தது.